அமுக்கியதும் குதிக்க வேண்டும்: குறைந்த செலவில் கேம் விளையாட டிவி வாங்கிய அனுபவம்

"மாமா, நான் அமுக்கிட்டேன். அதுதான் குதிக்கல."

அக்கா மகன் இதை ஒரே மாலையில் பத்து முறையாவது சொல்லியிருப்பான். பிளேஸ்டேஷன் 4-இல் பள்ளம் தாண்டி ஓடும் ஒரு கேம். அதே கன்சோலை என் அறைக்குக் கொண்டுபோய்க் கணினி மானிட்டரில் மாட்டினால் அந்தப் பள்ளத்தைச் சுலபமாகத் தாண்டுகிறான். கூடத்து டிவியில் பத்துக்கு ஆறு முறை உள்ளே விழுகிறான். கன்ட்ரோலரை நான் வாங்கிப் பார்த்தேன். எனக்கும் அதேதான்.

முதல் சந்தேகம் கன்ட்ரோலர் மேல். பின்பக்கத்து நான்கு திருகுகளையும் கழற்றி, பொத்தானுக்கு அடியில் இருக்கும் ரப்பர் குமிழையும் அது போய் அமுங்கும் மெல்லிய ஃபிலிமையும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தோம். உலரவிட்டுத் திரும்ப மூடினோம். எந்த மாற்றமும் இல்லை. "இதே கன்ட்ரோலர் மானிட்டர்ல நல்லா வேலை செய்யுதே மாமா, அப்ப இது எப்படி காரணமா இருக்கும்?" என்று அவன்தான் கேட்டான். சரியான கேள்வி. அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

கன்சோல் ஒரு ஃபிரேமை, அதாவது ஓடும் படத்தின் ஒரு தனிப் படத்தை, அனுப்பியதும் டிவி அதை அப்படியே திரையில் போட்டுவிடுவதில்லை. இரைச்சலைத் துடைக்கும், விளிம்பைக் கூராக்கும், நிறத்தைத் தூக்கும், அசைவை வழவழப்பாக்கும். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். இதில் அதிகம் தாமதப்படுத்துவது அசைவை வழவழப்பாக்கும் வேலை. இரண்டு ஃபிரேமுக்கு நடுவே புதிதாக ஒன்றை உண்டாக்க வேண்டுமென்றால் அடுத்த ஃபிரேம் டிவியின் கைக்கு வந்தாக வேண்டும். அதுவரை முந்தையதைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் இருக்கும். படம் பார்க்கிறவருக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. படமும் ஒலியும் சேர்ந்தே தாமதமாக வருகின்றன, யாருக்கும் தெரியாது. கேமில் கை முன்னால் போய்விடுகிறது, கண்ணுக்குச் செய்தி பின்னால் வருகிறது. விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் ஒரு ஃபிரேமின் ஆயுள் 16.7 மில்லி விநாடி. டிவி 100 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால் நாம் பார்ப்பது ஆறு ஃபிரேமுக்கு முந்தைய உலகம். பள்ளத்தின் விளிம்பு அதற்குள் காலடியைத் தாண்டிப் போயிருக்கும்.

இதற்கு இன்புட் லேக் என்று பெயர். பெட்டியில் அச்சிட்டிருக்கும் ரெஸ்பான்ஸ் டைம் வேறு சமாச்சாரம். அது ஒரு பிக்சல் ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மாற எடுக்கும் நேரம். அது அதிகமானால் ஓடும் உருவத்துக்குப் பின்னால் வால் இழுபடும், குதிப்பது தாமதமாகாது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு டிவி வாங்கி ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். அதனால்தான் இதை இங்கேயே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

அளந்த விதம்

அளக்கத் தனிக் கருவி எதுவும் வாங்கவில்லை. போனில் விநாடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் ஸ்லோமோஷன் இருந்தது. ஒரு ஃபிரேமுக்கு 4.17 மில்லி விநாடி. இந்த வேலைக்கு அது தாராளம். சில போன்கள் உண்மையில் குறைவாக எடுத்துவிட்டு நடுவில் இட்டுக்கட்டும். அதனால் முதலில் கணினித் திரையில் ஒரு ஸ்டாப்வாட்சை ஓடவிட்டுப் படம் எடுத்தோம். ஒரு விநாடிக்குள் உண்மையாகவே 240 தனித்தனி ஃபிரேம் வருகிறதா என்று எண்ணிப் பார்த்தோம். சரியாக இருந்தது.

பிறகு கன்ட்ரோலரைத் திரைக்கு முன்னால், கீழ் விளிம்பை ஒட்டிப் பிடித்துக்கொள்வது. கட்டைவிரலும் குதிக்கும் பாத்திரமும் ஒரே சட்டத்தில் விழுகிற மாதிரி போனைப் புத்தக அடுக்கில் சாய்த்து வைப்பது. பொத்தானைத் தயங்கி அமுக்கினால் எந்த ஃபிரேமில் அமுங்கியது என்று பின்னால் சொல்லவே முடியாது. விரலை மேலே தூக்கி வெடுக்கென்று தட்ட வேண்டும். விரல் அடிமட்டத்தைத் தொடும் ஃபிரேம் ஒன்று, பாத்திரத்தின் முழங்கால் மடங்கத் தொடங்கும் ஃபிரேம் இன்னொன்று. விஎல்சி பிளேயரில் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி இரண்டுக்கும் நடுவே எத்தனை என்று அவன் எண்ண, நான் நோட்டில் எழுதினேன்.

இரண்டு விஷயங்களைச் செய்து பார்த்த பிறகுதான் கற்றுக்கொண்டோம். முதலாவது, அறை விளக்கு. ஸ்லோமோஷனில் எல்இடி விளக்கு படபடவென்று மினுங்கி, விரல் எங்கே இருக்கிறது என்றே தெரியவிடாமல் செய்தது. ஜன்னலைத் திறந்து பகல் வெளிச்சத்தில் எடுத்ததும் அது தீர்ந்தது. இரண்டாவது, திரையில் நாம் பார்க்கும் இடம். டிவி ஒரு ஃபிரேமை ஒரே அடியாகப் போடுவதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாக இறக்குகிறது. அடி வரி வந்து சேர்வதற்குள் கிட்டத்தட்ட ஒரு முழு ஃபிரேம் நேரம் போய்விடும். பாத்திரம் திரையின் மேல்பாதியில் இருக்கும்போது ஒரு தடவையும் கீழ்ப்பாதியில் இருக்கும்போது ஒரு தடவையும் அளந்தால் எண்கள் ஒத்துவராது. அதனால் கேமில் ஒரே இடத்தில், ஒரே கல்லின் மேல் நின்றே எல்லா முறையும் குதித்தோம்.

மானிட்டரில் பத்து முறை: குறைந்தது 20 போன் ஃபிரேம், அதிகம் 24, சராசரி 22. அதாவது சுமார் 92 மில்லி விநாடி. இதில் கன்ட்ரோலர், கன்சோல், கேம், மானிட்டர் எல்லாமே அடக்கம். ஒவ்வொரு முறையும் நான்கு ஃபிரேம் வரை முன்பின் ஆவதற்கும் காரணம் உண்டு. கேம் 16.7 மில்லி விநாடிக்கு ஒரு முறைதான் பொத்தானை எட்டிப் பார்க்கிறது. அது பார்த்த மறுகணமே அமுக்கினால் அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டும்.

கூடத்து டிவியில் பத்து முறை: சராசரி 43. சுமார் 179 மில்லி விநாடி. கன்சோல், கேம், கன்ட்ரோலர் எதுவும் மாறவில்லை. மாறியது திரை மட்டும். மிச்சமாகும் 87 மில்லி விநாடி முழுக்க டிவியின் கணக்கில்தான் சேரும். அது கேமில் ஐந்து ஃபிரேம். "நான்தான் சொன்னேனே" என்றான். சொன்னான்தான். அவன் சொன்னதை நான் நம்புவதற்கு ஒரு எண் தேவைப்பட்டது.

பட அலங்காரங்களை நிறுத்தித் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோட் அந்தப் பழைய டிவியில் கிடையாது. ஆனால் உள்ளீட்டின் பெயரை மாற்றும் வசதி இருந்தது. ஹெச்டிஎம்ஐ 1 என்றிருந்ததை 'பிசி' என்று மாற்றியதும் சராசரி 31-க்கு இறங்கிவிட்டது. 'பிசி' என்று பெயர் வைத்தால் சில டிவிகள் கணினி மாட்டியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பட அலங்காரங்களில் பாதியை நிறுத்திவிடும். இந்தப் பதிவைப் படித்துவிட்டுப் புது டிவி வாங்க வேண்டாம் என்று யாராவது முடிவு செய்தால் அது இந்த ஒரு வரியால் இருக்கட்டும். முதலில் இதைச் செய்து பாருங்கள்.

எங்களுக்கு அது போதவில்லை. திரைக்குப் பின்னால் எரியும் பேக்லைட்டின் ஒரு மூலை ஏற்கெனவே கறுத்துவிட்டது. திரைப் பேனல் 1366க்கு 768 பிக்சல் வகை. 32 அங்குலத்தில் 'ஹெச்டி ரெடி' என்று வரும் டிவிகளில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். எங்கள் கன்சோல் 768 வரி அனுப்புவதில்லை. 720 அனுப்பும், அல்லது 1080 அனுப்பும். 720 வந்தால் 15 வரியை 16 வரியாக இழுக்க வேண்டும். 1080 வந்தால் பத்தில் மூன்று பங்கை விழுங்க வேண்டும். எப்படிச் செய்தாலும் எழுத்துகள் ஈரத்தில் ஊறியது போலத்தான் தெரியும். உரையாடல் நிறைந்த கேம்களில் அவன் எழுந்து போய்த் திரைக்கு முன்னால் நின்று படித்துவிட்டு வந்து உட்காருவான்.

எது வேண்டும், எது வேண்டாம்

கையில் இருந்த தொகை சிறியது. அதனால் வேண்டாதவற்றை முதலில் நோட்டில் எழுதினோம்.

விநாடிக்கு 120 முறை புதுப்பிக்கும் திரை வேண்டாம். பிளேஸ்டேஷன் 4 விநாடிக்கு 60 ஃபிரேமுக்கு மேல் அனுப்பாது. எங்களிடம் உள்ள கேம்களில் பாதி 30-இல் ஓடுபவை. புதிய கன்சோல் வாங்குகிற எண்ணம் இப்போதைக்கு இல்லை. ஃபிரேம் வேகத்துக்கேற்பத் திரை தன்னை மாற்றிக்கொள்ளும் விஆர்ஆர் நல்ல வசதிதான். பிளேஸ்டேஷன் 5-க்கு 2022-இல் வந்தது. எங்களிடம் அதை அனுப்பக்கூடிய கன்சோல் இல்லை. இதற்கெல்லாம் கொடுக்கும் பணத்தை நல்ல பேனலுக்குக் கொடுக்கலாம். உங்களிடம் பிளேஸ்டேஷன் 5-ஓ எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்-ஓ இருந்தால் கணக்கு வேறு. அப்போதும் 'ஹெச்டிஎம்ஐ 2.1' என்ற எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். 2.1-இல் உள்ள அம்சங்கள் பலவும் விருப்பத்துக்கு விடப்பட்டவை. 120-ஐ ஏற்காத டிவியும் அந்த எண்ணைப் போட்டுக்கொள்ள முடியும். எத்தனை ஹெர்ட்ஸ் (விநாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கும்), எந்த ரெசொல்யூஷனில், எந்த போர்ட்டில் என்று கேட்டு வாங்க வேண்டும்.

வெளிச்சத்தையும் இருளையும் அதிக வித்தியாசத்தோடு காட்டும் ஹெச்டிஆர் வேண்டாம் என்றும் எழுதினோம். இது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மலிவு டிவிகளில் ஹெச்டிஆர் என்றால் அந்தச் சிக்னலை ஏற்றுக்கொள்ளும் என்றுதான் பொருள். அதன்படி ஒளிரும் பலம் பேனலில் இருக்காது. பேக்லைட்டைப் பகுதி பகுதியாகக் கூட்டிக் குறைக்கும் வசதியும் இருக்காது. சூரியனும் குகையும் ஒரே காட்சியில் வந்தால் இரண்டையும் ஒரே பேக்லைட் ஏற்றவும் முடியாது இறக்கவும் முடியாது.

வேண்டியவை குறைவுதான். கேம் மோடில் குறைந்த தாமதம். இருட்டில் கறுப்பு கறுப்பாகத் தெரிவது. 1080-க்குக் குறையாத பேனல். உட்காரும் இடத்திலிருந்து எழுத்துகளைப் படிக்க முடிவது.

கடைசி இரண்டும் சேர்ந்து அளவைத் தீர்மானித்தன. எங்கள் இருக்கையிலிருந்து சுவர் வரை டேப் பிடித்தால் 180 சென்டிமீட்டர். 43 அங்குலத் திரையின் அகலம் 95 சென்டிமீட்டர். அதில் 1920 பிக்சல் என்றால் ஒரு பிக்சல் அரை மில்லிமீட்டர். நல்ல பார்வை உள்ளவர் அதைத் தனியாகப் பிரித்துப் பார்க்கும் எல்லை ஏறக்குறைய 170 சென்டிமீட்டர். ஆக, எங்கள் தூரத்துக்கு 43 அங்குலத்தில் 1080 வரியே போதும். ஆனாலும் அந்த அளவில் கண்ணில் பட்டவை பெரும்பாலும் 4கே, அதாவது 3840க்கு 2160 பிக்சல். அதில் நஷ்டமில்லை. 1080-இன் ஒவ்வொரு பிக்சலும் 4கே பேனலில் சரியாக இரண்டுக்கு இரண்டு, நான்கு பிக்சலாக உட்கார்ந்துகொள்ளும். 15-ஐ 16 ஆக்கும் வம்பு அங்கே இல்லை.

கடையில்

கூட்டம் இல்லாத காலை நேரமாகப் பார்த்துப் போனோம். பையில் கன்சோல், கன்ட்ரோலர், ஹெச்டிஎம்ஐ கேபிள், போன், நோட்டு. மாட்டிப் பார்க்கலாமா என்று முதலில் அனுமதி கேட்டோம். கடைக்காரர் யோசித்துவிட்டு, "பாருங்க, எனக்கும் தெரிஞ்சுக்கணும்" என்று பிளக் பாயின்ட்டைக் காட்டிவிட்டு பக்கத்திலேயே நின்றார். ஒத்துக்கொள்ளாத இடமும் ஒன்று இருந்தது. அங்கிருந்து நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

கடையில் டிவி எல்லாமே காட்சி மோடில் இருக்கும். பேக்லைட் உச்சத்தில், நிறம் உச்சத்தில். அந்தப் பளபளப்பில் எதையும் ஒப்பிட முடியாது. வீட்டு மோடுக்கு மாற்றி, கேம் மோடைப் போட்டு, அதே கல்லில் நின்று ஐந்து ஐந்து முறை குதித்தோம்.

முதல் டிவி சராசரி 27. இரண்டாவதன் பெட்டியில் ஹெச்டிஆர் என்றும், அசைவுக்கு 200 என்றும் பெரிய எழுத்து. மெனு முழுக்கத் தேடியும் கேம் மோட் இல்லை. அதில் சராசரி 44. வீட்டில் இருக்கும் பழைய டிவியைவிட ஒன்று கூடுதல். "200 இருக்கே சார், அப்புறம் எப்படி?" என்று கடைக்காரர் உண்மையாகவே கேட்டார். அந்த 200 பேனல் விநாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கிறது என்பதல்ல. பட அலங்காரங்களைச் சேர்த்து நிறுவனம் வைத்துக்கொண்ட எண். பேனல் 60-தான். கணினியை மாட்டி டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அதிகபட்சம் எத்தனை ஹெர்ட்ஸ் என்று பார்த்தால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். மூன்றாவது டிவி சராசரி 26.

26-க்கும் 27-க்கும் நடுவே இருப்பதை வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன். ஐந்து முறை அளந்ததில் ஒரு ஃபிரேம் என்பது என் கட்டைவிரலின் பிழைக்குள் அடங்கிவிடும். முதலும் மூன்றாவதும் சமம் என்று வைத்துக்கொண்டு பேனலைப் பார்த்தோம்.

பக்கவாட்டில் நடந்து போய்ப் பார்த்தோம். முதல் டிவி அப்படியே இருந்தது. மூன்றாவதில் நிறம் வெளிறியது. போன் கேமராவைத் திரைக்கு மிக நெருக்கமாகக் கொண்டுபோய் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால் பிக்சலின் வடிவமும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்து முதலாவது ஐபிஎஸ் வகைப் பேனல், மூன்றாவது விஏ வகை என்று முடிவுக்கு வந்தோம். ஐபிஎஸ் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் அதன் கறுப்பு சாம்பல் கலந்தது. ஒளிக்கும் இருளுக்கும் உள்ள விகிதம் அதில் சுமார் 1000-க்கு 1. விஏ-வில் 3000-க்கு 1, அதற்கு மேலும் போகும். அதன் குறை, இருட்டான நிறங்களுக்கு இடையே பிக்சல் மாறுவது மெதுவாக இருக்கும். குகைக்குள் ஓடும் பாத்திரத்துக்குப் பின்னால் மசி இழுத்தது போல ஒரு நிழல் வரும்.

நாங்கள் இருவரும் நேர் எதிரே உட்காருகிறவர்கள். விளையாடுவது இரவில். நான்கு பக்கமும் ஆட்கள் உட்காரும் கூடமாக இருந்தால் முதல் டிவியை எடுத்திருப்பேன். எடுத்தது மூன்றாவது. கிளம்பும் முன் முழுச் சிவப்பு, முழுப் பச்சை, முழு நீலம், முழுச் சாம்பல் படங்களைப் பென்டிரைவில் போட்டுத் திரையில் ஓட்டினோம். செத்த பிக்சல் இல்லை. சாம்பலில் அழுக்குத் திட்டு போல எதுவும் இல்லை. கால்பந்து கேமில் கேமரா புல்வெளியைத் துழாவும்போது அந்தத் திட்டுகள்தான் கண்ணை உறுத்தும். அதனால் சாம்பல் படத்தை மற்றவற்றைவிட அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீட்டில் இரண்டு நாள்

டிவியைத் தூக்கி வைத்த அன்று படம் கடையில் பார்த்ததைவிட மோசமாக இருந்தது. பதறவில்லை, ஒவ்வொன்றாகப் பிடித்தோம்.

உயிர் அளவைக் காட்டும் பட்டை இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டிருந்தது. ஓவர்ஸ்கேன். பழைய குழாய் டிவிக் காலத்தில் ஓரத்து அசிங்கத்தை மறைக்கப் படத்தைச் சற்றுப் பெரிதாக்கிக் காட்டும் வழக்கம் இன்னும் விடாமல் தொடர்கிறது. வெட்டுப்படுவதோடு போகவில்லை, மீதிப் படத்தையும் இழுப்பதால் கூர்மையும் போகிறது. பட அளவு மெனுவில் 'ஸ்கிரீன் ஃபிட்' என்று ஒன்று இருந்தது. சில டிவிகளில் 'ஜஸ்ட் ஸ்கேன்' என்றிருக்கும். அதைப் போட்டதும் பட்டை முழுதாக வந்தது.

அடுத்து, குகைக்குள் நுழைந்தால் எதுவுமே தெரியவில்லை. சுவர், தரை, எதிரி எல்லாம் ஒரே கறுப்பு. அவன் பிரைட்னஸைக் கூட்டப் போனான், நிறுத்தச் சொன்னேன். கன்சோல் நிறங்களை 0 முதல் 255 வரை முழு வீச்சில் அனுப்பிக்கொண்டிருந்தது. டிவி 16 முதல் 235 வரையான வீச்சை எதிர்பார்த்தது. 16-க்குக் கீழே உள்ள எல்லாமே அதற்கு ஒரே கறுப்பு. டிவியில் 'பிளாக் லெவல்' என்ற இடத்தில் மாற்றியதும் குகைச் சுவரில் ஈரக் கோடுகள் தெரிந்தன, மூலையில் ஒரு பெட்டியும் தெரிந்தது. அந்தக் கேமை அவன் முடித்து மாதங்கள் ஆகின்றன. அங்கே ஒரு பெட்டி இருப்பது அன்றுதான் தெரிந்தது. இதற்கு நேர்மாறாக அமைந்துவிட்டால் கறுப்பெல்லாம் சாம்பல் பூத்து, பனிமூட்டத்தில் பார்ப்பது போலிருக்கும். இரண்டு பக்கமும் ஒரே வீச்சில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஷார்ப்னஸ் 50-இல் இருந்தது. எழுத்துகளைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடியது. கன்சோல் அனுப்பும் படம் ஏற்கெனவே கூராகத்தான் இருக்கிறது. கோடு மறையும் வரை குறைத்தோம். இந்த டிவியில் அது 0-இல் வந்து நின்றது. சில டிவிகளில் 50-தான் நடுநிலை. எண்ணைப் பார்க்காமல் எழுத்தின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே குறையுங்கள்.

பேக்லைட்டில் சிக்கல் வேறு மாதிரி வந்தது. இரவில் கண் கூசாமல் இருக்க 30-க்குக் குறைத்திருந்தேன். ஓடும் பாத்திரத்தின் விளிம்பு இரட்டையாகத் தெரிகிறது என்றான். எனக்கு முதலில் தெரியவில்லை. போனில் ஷட்டர் வேகத்தைக் கூட்டி வைத்துப் பார்த்தபோது திரையில் கறுப்புப் பட்டைகள் உருண்டன. வெளிச்சத்தைக் குறைக்க இந்த டிவி பேக்லைட்டை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றுகிறது. ஒரு ஃபிரேமுக்குள் விளக்கு இரண்டு முறை எரிந்தால், நகரும் பொருளைத் தொடர்ந்து போகும் கண்ணுக்கு அது இரண்டு இடத்தில் இருப்பதாகத் தெரியும். பேக்லைட்டை ஏற்ற ஏற்ற அணைந்திருக்கும் நேரம் குறைகிறது. 70-இல் வைத்தோம், இரட்டை விளிம்பு கிட்டத்தட்ட மறைந்தது. கண் கூச்சத்துக்கு டிவியின் பின்னால் சுவரைப் பார்த்து ஒரு சிறு விளக்கை வைத்துவிட்டோம். கடையில் இதைச் சோதிக்கத் தோன்றவில்லை. நீங்கள் போகும்போது பேக்லைட்டைக் குறைத்து வைத்து போனில் பார்த்துவிடுங்கள்.

என் கணினியையும் மாட்டிப் பார்த்தேன். 4கே, 60 ஹெர்ட்ஸ். நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து தட்டினால் எழுத்து கரைந்து நின்றது. 4கே 60-ஐ நிறம் குறையாமல் 4:4:4 ஆக அனுப்ப விநாடிக்கு 17.8 ஜிகாபிட் வேண்டும். ஹெச்டிஎம்ஐ 2.0 அதிகபட்சம் தருவது 18. டிவியின் போர்ட் பழைய சாதனங்களுக்காக, 10.2-உடன் நிற்கும் பழைய மோடில் இருந்தது. அதனால் கணினி 4:2:0-க்கு இறங்கி, நிற விவரத்தை நான்கு பிக்சலுக்கு ஒன்றாகச் சுருக்கி அனுப்பியது. மெனுவில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனியாக ஒரு 'என்ஹான்ஸ்டு' சுவிட்ச் இருந்தது. அதைப் போட்டதும் எழுத்து பளிச்சென்றாகிவிட்டது. ஆனால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திரை கறுத்துப் போனது. கேபிள் பழையது, அந்த வேகத்தைத் தாங்கவில்லை. 18 ஜிகாபிட்டுக்குச் சான்று பெற்ற 'பிரீமியம் ஹை ஸ்பீட்' கேபிள் ஒன்று மாட்டியபின் ஒரு முறைகூடக் கறுக்கவில்லை. பிளேஸ்டேஷன் 4 மட்டும்தான் என்றால் இந்தத் தலைவலியே கிடையாது. 1080-க்கு அந்தப் பழைய கேபிளே போதும்.

ஒலி பற்றிச் சுருக்கமாக. சவுண்ட்பாரை ஏஆர்சி வழியாக, அதாவது டிவியின் ஒலியை ஹெச்டிஎம்ஐ கேபிளிலேயே வெளியே அனுப்பும் இணைப்பில், மாட்டியதில் குதித்த பிறகு சத்தம் வந்தது. டிவியின் டிஜிட்டல் ஆடியோவை, ஒலியைச் சுருக்காமல் அனுப்பும் பிசிஎம்-க்கு மாற்றியதும் கொஞ்சம் சரியானது, முழுதாக இல்லை. தாளத்துக்கு அமுக்கும் கேம் என்றால் கன்ட்ரோலரிலேயே ஹெட்போனை மாட்டிக்கொள்கிறோம்.

பரணிலிருந்த பிளேஸ்டேஷன் 2-ஐயும் ஆசையாக இறக்கினான். மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயரில் வரும் 480ஐ (480i, 480 வரிகளைப் பாதி பாதியாக அனுப்புவது) சிக்னலை டிவி வரிகளைப் பின்னி ஒட்டிப் பிறகு நான்கரை மடங்கு வரிகளாகப் பெரிதாக்க வேண்டும். 2160 வரிப் பேனலில் அது நன்றாக இருக்க வழியில்லை. 240 வரியில் வரும் பழைய கேம்கள் இன்னும் பாவம், பல டிவிகள் அதையும் 480ஐ என்றே எடுத்துக்கொண்டு குழப்பிவிடும். கன்சோலைத் துடைத்துத் திரும்பப் பரணில் வைத்தோம். ஒரு குழாய் டிவி கிடைக்கும் வரை அது அங்கேயே இருக்கும்.

எல்லாம் முடிந்து ஜன்னல் வெளிச்சத்தில் அதே கல்லில் நின்று பத்து முறை குதித்தோம். சராசரி 26. மானிட்டரைவிட நான்கு ஃபிரேம், சுமார் 17 மில்லி விநாடி, கேமின் கணக்கில் ஒரே ஒரு ஃபிரேம் அதிகம். கேம் மோடை அணைத்து இன்னொரு பத்து: 45. ஒரே டிவி, ஒரே பேனல்; நடுவில் இருப்பது மெனுவில் ஒரு வரி.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. நான் உள்ளே இருந்தேன், அவன் கூடத்தில் விளையாடத் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

"மாமா, டிவி திரும்ப லேட்டாகுது."

"பழகினதால அப்படித் தெரியும்டா."

"இல்ல மாமா. நேத்து இருந்த மாதிரி இல்ல. வந்து பாருங்க."

போனையும் புத்தக அடுக்கையும் எடுத்து வைத்தேன். ஐந்து முறை தட்டினான். சராசரி 44.

டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். முந்தின இரவு தூசு துடைக்கும்போது கேபிளைக் கழற்றி, ஹெச்டிஎம்ஐ 2-இல் இருந்ததை 1-இல் மாட்டியிருக்கிறேன். கேம் மோட் இந்த டிவியில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனியாகச் சேமிக்கப்படுகிறது. 1-இல் அதை நாங்கள் போடவே இல்லை. மூன்று போர்ட்டிலும் போட்டுவிட்டு, எது எதற்கு என்று சிறு காகிதத்தில் எழுதிப் பின்னால் ஒட்டினோம். அவன் கன்ட்ரோலரை எடுத்து ஒரே ஒரு முறை குதித்துப் பார்த்தான்.

"இப்ப சரி," என்றான். அளக்கவில்லை.